160 ஏக்கர் கிடைத்தும் உழுதது 35 ஏக்கர்தான்: ஏன்?

வாய்க்கால்மேடு (கேள்வி)

அமெரிக்க அதிபர் லிங்கன் 1862 மே 20இல் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் (ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் அரசு நிலம்) 1863 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே நெப்ராஸ்காவின் பிரௌன்வில் நில அலுவலகத்தில் மனுப் போட்டவர் டேனியல் ஃப்ரீமேன். மனு எண் 1, பின்னால் கிடைத்த பட்டாவும் எண் 1. இடம் பியட்ரிஸ் ஊருக்கு மேற்கே, கப் கிரீக் ஓடைக்கரை.

ஐந்து ஆண்டு முடிந்ததும் 1868 ஜனவரியில் அவருக்காகச் சாட்சிகள் இருவர் கொடுத்த வாக்குமூலத்தில் அவர் உடைமைகள் பட்டியலாக இருக்கின்றன. 14க்கு 20 அடியில் ஒரு வீடு. பாதி உருட்டுமரம், பாதி பலகைச் சட்டம். இரண்டு கதவு, இரண்டு சன்னல், பலகைத் தரை. ஒரு லாயம், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, சோளக்கதிர் சேமிக்கும் பட்டறை, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். உழுது, வேலி போட்டு, பயிர் செய்த நிலம் மட்டும் சுமார் 35 ஏக்கர்.

இந்த 35தான் புரியவில்லை. 160 ஏக்கரை வைத்துக்கொண்டு ஐந்து வருடத்தில் கால்பங்குகூட உழவில்லையே? மண் மோசமா, கருவி இல்லையா, சட்டமே இவ்வளவு போதும் என்றதா? மீதி 125 ஏக்கர் சும்மா கிடந்ததா? மனைவி, பிள்ளைகள் உழைப்பு இந்தப் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறது?

மேழி

மண் அருமையான மண். சட்டத்தையும் குறை சொல்ல முடியாது; 1862 சட்டம் ஐந்து ஆண்டு குடியிருக்க வேண்டும், பயிர் செய்ய வேண்டும் என்றதே தவிர எத்தனை ஏக்கர் என்று அளவு வைக்கவில்லை. அளவு வந்தது 1912 திருத்தத்தில்: இரண்டாம் ஆண்டில் பதினாறில் ஒரு பங்கு, மூன்றாம் ஆண்டில் எட்டில் ஒரு பங்கு. அதாவது 160க்கு 10 ஏக்கர், அப்புறம் 20 ஏக்கர். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலே ஃப்ரீமேனின் 35 கூடுதல். என் பார்வையில் 35 பெரிய எண். காரணம் சொல்கிறேன்.

அது நெடும்புல் வெளி. பிக் புளூஸ்டெம் போன்ற புற்கள் ஆளுயரம் வளரும். வேர் ஆறேழு அடி ஆழம் போகும். மேல்மண் முழுக்க வேர்தான், கயிற்றுப்பாய் பின்னியது போல. கிழக்கு மாநிலங்களிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பை இதில் நகராது. ஈரமண் பலகையில் அப்பிக்கொள்ளும். மண் ஒட்டாமல் வழுக்கிப் போகும் எஃகுக் கலப்பையை ஜான் டீர் 1837இல் செய்த பிறகுதான் இந்த மண்ணில் உழவே சுலபமானது. முதல் உழவுக்கு அதிலும் தனி வகை உண்டு: நீண்ட, தாழ்ந்த, மெல்ல முறுக்கிய பலகை. புல்தரையை உடைக்காமல் நாடா போல உரித்து, புல் பக்கம் கீழாகக் கவிழ்த்துப் போடும்.

12 அங்குல அகலச் சால் ஓட்டினால் ஒரு ஏக்கர் முடிக்க எட்டேகால் மைல் நடக்க வேண்டும் (43,560 சதுர அடி, ஒரு அடி அகலம், திரும்பும் தூரம் தனி). இரண்டு மூன்று குதிரை கட்டி நாளுக்கு ஒரு ஏக்கர் போனால் நல்ல வேலை. 24 அங்குலக் கலப்பையில் நடை பாதியாகும், ஆனால் ஐந்தாறு சோடி எருது வேண்டும். ஒரு புதுக்குடியானவனிடம் அத்தனை மாடு இருக்காது. அதனால்தான் கூலிக்குத் தரிசு உடைப்பவர்கள் இருந்தார்கள். ஏக்கருக்கு மூன்று டாலர் சுற்றி. மனுக்கட்டணம் எல்லாம் சேர்த்தே 18 டாலர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஆறு ஏக்கர் உடைக்கும் கூலி, 160 ஏக்கர் நிலத்தின் மொத்தச் செலவு.

ஆழமும் பருவமும் தவறக்கூடாது. ஆழம் இரண்டிலிருந்து மூன்று அங்குலம். அதற்கு மேல் போனால் கவிழ்த்த கட்டி தடிமனாகிக் காய்ந்து செங்கல் போல நிற்கும், மக்காது. பருவம் மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை, புல் முழு வேகத்தில் வளரும்போது. அப்போது கவிழ்த்தால் வேரில் சேமிப்பு குறைந்திருக்கும், சூடும் ஈரமும் சேர்ந்து அழுகும். ஏப்ரலில் கவிழ்த்தால் புல் இடுக்கு வழியாகத் திரும்ப முளைக்கும். ஆகஸ்டில் மண் இறுகிவிடும். அப்படியே உழுதாலும் குளிருக்குள் மக்காது. மக்கிய கட்டியை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அதே திசையில் இன்னும் ஒன்றிரண்டு அங்குலம் ஆழமாக மறு உழவு போட்டுத் திருப்ப வேண்டும். அடுத்த வசந்தத்தில்தான் அது வயல்.

கொழு (கலப்பையின் வெட்டுமுனை) கூராக இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. சில சாலுக்கு ஒருமுறை அரம் போட வேண்டும். நாளடைவில் கொல்லனிடம் காய்ச்சி அடித்து நீட்ட வேண்டும். மழுங்கிய கொழு வேரை அறுக்காமல் இழுக்கும், கலப்பை மேலே துள்ளும், குதிரை தோளில் புண் வரும். புண் வந்த குதிரை பத்து நாள் நிற்கும். பருவமே ஆறு வாரம்தான்.

இனி முடிச்சு. மே நடுவில் என்ன வேலை? போன வருடம் உடைத்த நிலத்தில் மக்காச்சோளம் ஊன்றுவது. ஜூனில்? இடையுழவு; ஜூலை தொடக்கத்துக்குள் மூன்று முறை, ஒன்று நெடுக்கில், அடுத்தது குறுக்கில். விட்டால் களை சோளத்தை மூடிவிடும். இரண்டுக்கும் அதே குதிரை, அதே ஆள். ஆக, முதல் வருடம் ஒரு வயலும் இல்லாதவன் 15, 20 ஏக்கர்கூட உடைக்கலாம். 20 ஏக்கர் சோளம் வைத்திருப்பவனுக்கு அடுத்த ஜூனில் புதுநிலம் உடைக்க நாலைந்து நாள் மிஞ்சினால் அதிகம். பழைய வயல் கூடக்கூடப் புதுவயல் சேரும் வேகம் குறைகிறது. 35 என்பது ஏறக்குறைய ஒரு ஆண், ஒரு கலப்பை, ஒரு சோடிக் குதிரை தொடும் உச்சம்.

எல்லைக்கல்

மேழி சொன்னதில் வேலிக் கணக்கு விட்டுப்போயிற்று. அது சின்ன விஷயம் இல்லை.

பட்டாவில் உள்ள நில விவரம்: டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு, செக்ஷன் 26 (அரசு நில அளவைக் கட்டங்களின் எண்கள்). அதில் வடமேற்குக் காலின் தென்பாதி, வடமேற்குக் காலின் வடகிழக்குக் கால், வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால். ஒரு செக்ஷன் ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர். கால் என்றால் 160, காலில் கால் 40. மேலே உள்ளதைத் தாளில் வரைந்தால் மூன்று 40 ஏக்கர்ச் சதுரம் கிழக்கு மேற்காக வரிசையில் வரும், நடுச் சதுரத்துக்கு வடக்கே நான்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். தலைகீழ் டி வடிவம். நேரான சதுரமாக எடுக்காமல் இப்படி எடுத்ததில்தான் ஓடையும் ஓடைக்கரை மரங்களும் சேர்ந்து கிடைத்தன. மரமில்லாத வெளியில் அது பெரிய சொத்து. வீட்டில் உருட்டுமரம் இருந்ததும் அதனால்தான். மேற்கே தள்ளிப் போனவர்கள் புல்தரையையே கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள்.

ஆனால் அந்த வடிவத்துக்கு விலை உண்டு. 40 ஏக்கர்ச் சதுரத்தின் பக்கம் 1,320 அடி. 160 ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால் சுற்றளவு எட்டுப் பக்கம், 2 மைல். டி வடிவில் பத்துப் பக்கம், இரண்டரை மைல். முழு எல்லைக்கும் வேலி என்றால் அரை மைல் கூடுதல். கிலிடனின் முள்கம்பிக் காப்புரிமை 1874இல்தான் வந்தது. 1868இல் அந்த வழி இல்லை.

35 ஏக்கரை மட்டும் சதுரமாக வளைத்தாலும் சுற்றளவு சுமார் 4,940 அடி. பிளந்த கழிகளை வளைந்து வளைந்து அடுக்கும் வேலியில் ஒரு அடுக்குக்கு நேர்தூரம் 8 அடி, உயரத்துக்கு 8 கழி என்று வைத்தால் சுமார் 5,000 கழி. நல்ல கைக்காரர் நாளுக்கு 100 கழி பிளந்தால் 50 நாள். மரம் சாய்ப்பது, இழுத்து வருவது, அடுக்குவது தனி. அப்போது கால்நடை திறந்தவெளியில் திரியும். வேலி இல்லாமல் உழுதால் அடுத்தவன் மாட்டுக்கு உழுத மாதிரி. 36ஆவது ஏக்கரை உடைக்க நினைத்தாலே வேலியைப் பிரித்து நகர்த்த வேண்டும்.

அதனால்தான் உயிர்வேலியாக ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை நட்டார்கள். அடிக்கு ஒரு நாற்று, மூன்று நான்கு வருடம் வெட்டி வெட்டி அடர்த்தியாக்க வேண்டும். குதிரை தாண்டாது, காளை முட்டினால் அசையாது, பன்றி நுழையாது. இன்று தேசியப் பூங்காவாக இருக்கும் அந்த நிலத்தின் தென் எல்லையில் அப்படி ஒரு வேலி நிற்கிறது.

வாய்க்கால்மேடு

மிக்க நன்றி. ஜூன் மாத மோதல் எனக்குத் தோன்றவே இல்லை. மீதி 125 ஏக்கரும் மனைவியும் இன்னும் பாக்கி.

தயிர்மத்து

மனைவி பெயர் ஆக்னஸ் சூட்டர், ஐயோவாவின் லெக்ளேர் ஊர்க்காரர். டேனியலின் தம்பிக்கு நிச்சயிக்கப்பட்டவர். தம்பி உள்நாட்டுப் போரில் இறந்த பிறகு டேனியலும் அவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1865 பிப்ரவரியில் கல்யாணம். எட்டுப் பிள்ளைகள். பட்டாவில் ஆக்னஸ் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது: சட்டப்படி குடும்பத் தலைவரோ 21 வயது நிரம்பியவரோ மனுப் போடலாம், தனித்து வாழும் பெண்ணும் விதவையும் போடலாம், கணவனோடு வாழும் மனைவி போட முடியாது. கணவன் இடையில் இறந்தால் மட்டும் விதவை மீதி ஆண்டுகளை முடித்துப் பட்டா வாங்கலாம். இதை ஓர் அநியாயமாகவே பார்க்கிறேன், ஏனென்றால் ஐந்து வருடம் தாக்குப்பிடித்ததே பெரும்பாலும் வீட்டுப் பக்க உழைப்பில்தான்.

சோளமும் கம்பளியும் வருடத்துக்கு ஒருமுறை பணம். நடுவில் கடையில் உப்பு, காபி, சர்க்கரை, துணி வாங்க எது மாற்று? வெண்ணெயும் முட்டையும். ஒரு பவுண்டு வெண்ணெய்க்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். பாலை அகலப் பாத்திரத்தில் ஊற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, ஏடு கட்டியதும் வழித்து, இரண்டு மூன்று நாள் ஏட்டைச் சேர்த்துக் கடைவார்கள். நம் ஊரில் தயிரைக் கடைவதுபோல இல்லை, ஏட்டை மட்டும். ஏட்டின் சூடு 15, 16 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்க வேண்டும். கூடினால் வெண்ணெய் களிம்பாக வழியும், கடைக்காரர் விலை குறைப்பார். குறைந்தால் மணிக்கணக்கில் சுற்றினாலும் திரளாது. கோடையில் ஏட்டுப் பாத்திரத்தைக் கிணற்றுக்குள் தொங்கவிடுவது அதற்குத்தான். திரண்ட பின் மோர் போகும்வரை குளிர்ந்த நீரில் கழுவி உப்பிட்டுப் பிசைய வேண்டும். மோர் தங்கினால் ஒரே வாரத்தில் ஊசிவிடும்.

சோப்பும் வீட்டில்தான். அடியில் வைக்கோல் போட்ட பீப்பாயில் மரச்சாம்பலை நிரப்பி மழைநீர் ஊற்றினால் காரநீர் சொட்டும். அதில் பச்சை முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள்: மேலே ஒரு நாணயம் அளவு தெரியும்படி மிதந்தால் சரி. மூழ்கினால் காய்ச்சி வற்றவைக்க வேண்டும், படுத்தபடி மிதந்தால் நீர் சேர்க்க வேண்டும். டிசம்பரில் பன்றி அறுத்த கொழுப்போடு சேர்த்துக் காய்ச்சினால் வருவது மென்சோப்பு, கட்டியாக இறுகாது. சாம்பலில் இருப்பது பொட்டாஷ் காரம், காரணம் அதுதான். கட்டி வேண்டுமென்றால் உப்புச் சேர்த்துப் பிரிக்க வேண்டும், உப்பு விலைச்சரக்கு.

ஒரு மளிகைச் சாமான் இல்லையென்றால் சட்டென்று வாங்க முடியாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மிசௌரி ஆற்றங்கரை பிரௌன்வில் சுமார் 60 மைல். பார வண்டி நாளுக்கு 15, 20 மைல். போக மூன்று நான்கு நாள், வர அதேபோல்.

குடியேறிய குடும்பங்களில் பிள்ளைகள் ஆறேழு வயதில் விதை போடுவார்கள்: சால் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு குழிக்கு மூன்று நான்கு மணி. மூன்றரை அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 3,500 குழிக்கு மேல். முளைத்ததும் தரை அணில் தோண்டித் தின்னும், புதுநிலத்தில் வெட்டுப்புழு தண்டை அறுக்கும். விட்டுப்போன குழிகளில் மறுபடி ஊன்றுவது முழுக்கப் பிள்ளைகள் வேலை. ஆடு மேய்ப்பதும் அவர்கள்தான். இந்த எதுவும் வாக்குமூலத்தில் வராது, ஏனென்றால் அது கட்டடத்தையும் உழவையும் மட்டும் கேட்டது.

செம்மண்குன்று

"இலவச நிலம்" என்று பேசும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அது ஓட்டோ, மிசௌரியா பழங்குடி மக்களின் நிலம். 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி போய், பிக் புளூ ஆற்றோரம் ஒதுக்கிய பகுதிக்குள் சுருக்கப்பட்டார்கள். ஃப்ரீமேன் குடும்பம் பயிர் செய்த முதல் ஆண்டுகளில் அதே மாவட்டத்தின் தெற்கே அவர்கள் இருந்தார்கள். 1881இல் இன்றைய ஓக்லஹோமாவுக்கு வெளியேற்றப்பட்டார்கள். முன்னோடி என்ற சொல் ஒருவருக்கு முன்னால் வேறு எவரும் இல்லை என்ற தோற்றத்தைத் தருகிறது. இங்கே அது உண்மை இல்லை.

மேழி

செம்மண்குன்று சொன்னது சரி, அதை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பேசக்கூடாது.

125 ஏக்கருக்கு வருகிறேன். விடை 100 அடி ஆட்டுக்கொட்டகையில் இருக்கிறது. அகலம் 12 அடி என்று வைத்தால் 1,200 சதுர அடி. ஆட்டுக்கு 12 முதல் 15 சதுர அடி, ஆக 80 முதல் 100 செம்மறி. உள்நாட்டுப் போரால் தெற்கு மாநிலங்களின் பருத்தி நின்றுபோன காலம், கம்பளிக்கு நல்ல கிராக்கி. குளிர்கால ஐந்து மாதத்துக்கு ஒரு ஆட்டுக்கு நாளுக்குச் சுமார் 1.8 கிலோ காய்ந்த புல் என்றால் 270 கிலோ. 80 ஆட்டுக்கு 21 டன்னுக்கு மேல். உழாத புல்வெளி ஏக்கருக்கு ஒன்று, ஒன்றரை டன் தரும். புல் அறுப்புக்கு மட்டும் 15, 20 ஏக்கர், அதற்கு மேல் கோடை மேய்ச்சல், ஓடைக்கரை விறகு. உழாத நிலம் தரிசு இல்லை. கலப்பை படாமலேயே விளைச்சல் கொடுத்த நிலம் அது.

புல் அறுப்பு ஜூலை கடைசி, ஆகஸ்ட். கதிர் வருவதற்கு முந்தைய பச்சையில் அறுத்தால் சத்து. செப்டம்பருக்குத் தள்ளினால் தட்டை. ஈரத்தோடு வைக்கோல்போர் மாதிரி போர் போட்டால் உள்ளே சூடேறிக் கறுக்கும், சில சமயம் தானாகவே தீப்பிடிக்கும். இலையுதிர் காலத்தில் வெளியில் எரியும் தீ போரையும் வீட்டையும் கொண்டுபோய்விடும். அதற்குக் காப்பு: வீட்டைச் சுற்றி நாலைந்து சால், 40, 50 அடி தள்ளி இன்னொரு நாலைந்து சால் ஓட்டி, காற்றில்லாத மாலையில் நடுப்புல்லைத் தாங்களே எரித்துவிடுவது.

சோளத்தையும் முடித்துவிடுகிறேன். 25 ஏக்கர் சோளம், ஏக்கருக்கு 35 புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) என்றால் 875 புஷல். உள்ளங்கையில் தோல்வாரால் கட்டிய கூர்க்குச்சியால் மட்டையைக் கிழித்து, கதிரை ஒடித்து வண்டியில் எறிய வேண்டும். நாளுக்கு 50 புஷல் போட்டால் 17, 18 நாள். அக்டோபர் நடுவில் தொடங்கி, மழையும் பனியும் வந்து டிசம்பர் வரை இழுக்கும். பட்டறை நம் வெங்காயப் பட்டறை மாதிரிதான்: தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், காற்றோடும் சட்டங்கள். அகலம் ஆறு அடிக்கு மேல் போனால் நடுக்கதிர் பூசணம் பிடிக்கும். கதிராகச் சேமித்தால் புஷலுக்கு இரண்டரை கன அடி. 875க்கு 6 அடி அகலம், 8 அடி உயரம், 45 அடி நீளம்.

வெட்டுக்கிளி பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: 1874இல் ராக்கி மலை வெட்டுக்கிளி நெப்ராஸ்காவில் இறங்கியது ஜூலை கடைசியை ஒட்டி. அதற்குள் கோதுமை அறுத்தாயிற்று, சோளம் நின்றது. சோளத்தை மட்டும் நம்பியவன் மொத்தமும் இழந்தான். கோதுமையும் ஆடும் வைத்திருந்தவன் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தான்.

எல்லைக்கல்

400 பீச், 40 ஆப்பிள் ஏன் என்றும் பார்க்கலாம். பீச்சைக் கொட்டையிலிருந்தே வளர்க்கலாம், காசில்லை, மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். ஆப்பிள் விதையிலிருந்து தாய்க்குணம் மாறும். ஒட்டுக்கன்று வாங்க வேண்டும், காய்க்க ஆறு ஏழு வருடம். இடைவெளி பீச்சுக்கு 16 அடி, ஆப்பிளுக்கு 30 அடி என்றால் இரண்டும் சேர்ந்து மூன்றேகால் ஏக்கர்தான்.

பீச்சின் பலவீனம் குளிர். சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூமொட்டு கருகும். மரம் பிழைத்தாலும் அந்த வருடம் காய் இல்லை. தெற்குச் சரிவில் வைத்தால் சீக்கிரம் பூத்து ஏப்ரல் உறைபனியில் மாட்டும், அதனால் வடக்குச் சரிவு நல்லது. ஆப்பிளின் எதிரி முயல். பனி மூடியிருக்கும்போது பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். வளையம் முழுதானால் மரம் செத்தது. நவம்பரில் சோளத்தட்டையை அடிமரத்தில் இரண்டடி உயரம் சுற்றிக் கட்டி, ஏப்ரலில் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காமல் விட்டால் உள்ளே ஈரம் தங்கித் துளைப்பான் புழு ஏறும்.